குடும்பக் குழு: சனிக்கிழமை மலைக்கு

புதன்கிழமை

லண்டன் தம்பி, 19:04
சித்தப்பா, சனிக்கிழமை ஐகர் ட்ரெயில் போவோமா? ஐகர் மலையின் வடக்குச் சுவருக்கு நேர் கீழே நடக்கிற பாதை. 6 கிலோமீட்டர்தான். அப்பம்மாவும் வரலாம்.

சூரிச் அக்கா, 19:11
6 என்றால் சின்னவனும் நடப்பான். ஏரிக்கரைக்குப் போய் வரவே அவ்வளவு ஆகிறது.

பாசல் மாமி, 19:15
நானும் வருகிறேன். இடியப்பம் கட்டட்டுமா, பாணும் சம்பலும் போதுமா?

பேர்ன் சித்தப்பா, 19:40
இப்போதுதான் வேலையால் வந்தேன். சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். அம்மாவை அந்தப் பாதையில் கூட்டிப்போக நான் சம்மதிக்க மாட்டேன்.

பேர்ன் சித்தப்பா, 20:25
மலையில் கிலோமீட்டரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இங்கே மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் நேரம்தான் போட்டிருக்கும், அதுவும் எங்கேயும் நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம். தேத்தண்ணி குடிக்க, படம் எடுக்க, சின்னவனின் சப்பாத்து நாடாவைக் கட்ட ஆகிற நேரத்தை நாங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐகர் ட்ரெயில் 2,320 மீட்டர் உயரத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் தொடங்கி 1,616 மீட்டரில் அல்பிக்லனில் முடிகிறது. 700 மீட்டர் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று ஆறலாம். இறக்கத்தில் முழங்கால் விட்டுவிட்டால் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது.

லண்டன் தம்பி, 20:29
இணையத்தில் சின்னப் பிள்ளைகள்கூட நடக்கிற படங்கள் இருக்கின்றன சித்தப்பா.

பேர்ன் சித்தப்பா, 20:46
இருக்கும். பழகிய பிள்ளைகள் நடப்பார்கள். பாதையின் நிறத்தைப் பார், தம்பி. வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கக்கூடிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை: செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், நல்ல சப்பாத்தும் தலைசுற்றாத கண்ணும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறையைக் கையால் பிடித்து ஏறவும் பனியைக் கடக்கவும் தெரிந்தவர்களுக்கு. ஐகர் ட்ரெயில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை.

நான் ஒருமுறை ஜூன் கடைசியில் அங்கே போனேன், ஓடுகிற சப்பாத்தோடு. சுவரிலிருந்து இறங்குகிற ஒரு வெட்டில் பழைய பனி கிடந்தது. மேலே கறுத்த மண்ணும் சின்னக் கற்களும் ஒட்டிக் கிடந்ததால் நிலம் என்று நினைத்துக் கால் வைத்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி வழுக்குகிற ஐஸ். நாலைந்து மீட்டர் சறுக்கிப்போய்க் கற்குவியலில் நின்றேன். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ஒரு கிழமை சோறு பிசைய முடியவில்லை. இன்னும் கொஞ்சம் சறுக்கியிருந்தால் இந்தச் செய்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

சூரிச் அக்கா, 20:50
சித்தப்பா! இதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே.

பாசல் மாமி, 20:58
சின்னண்ணா, அப்படியென்றால் பேசாமல் யுங்ஃப்ராவ்யோக் போவோம். ரயிலே மேலே கொண்டுபோய் விடுகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதானே போகிறார்கள்.

பேர்ன் சித்தப்பா, 21:07
1912இல் அந்த உயரத்துக்கு ரயில் விட்டது பெரிய சாதனைதான், நானும் மதிக்கிறேன். ஆனால் அது 3,454 மீட்டர். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதோடு கண்ணாடிக்குள் நின்று பார்ப்பதைவிட, அம்மா தன் காலால் நடந்து அந்த மலைகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்பம்மா, 21:12
நான் நடப்பேன். தினமும் கோயிலுக்கு நடக்கிறவள்தானே.

பேர்ன் சித்தப்பா, 21:30
ஓம் அம்மா. உங்களுக்கு மென்லிஹன். கிரிண்டல்வால்ட் டெர்மினலிலிருந்து கேபிள் காரில் மேலே போய், அங்கிருந்து 2,061 மீட்டரில் இருக்கிற கிளைன ஷைடெக் வரை நாலரைக் கிலோமீட்டர். அகலமான சரளைப் பாதை, பெரும்பாலும் மெல்லிய இறக்கம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பாதை, நீங்கள் மூன்று மணி நேரம் எடுங்கள். நடக்க நடக்க ஐகர், மேன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றும் முன்னாலேயே நிற்கும். சின்னவனுக்கு மேலே நிலையத்துக்குக் கிட்ட ஒரு பெரிய மரப் பசு இருக்கிறது, உள்ளே ஏறிச் சறுக்கலாம்.

தம்பியும் பெரியவளும் நானும் ஐகர் ட்ரெயில். அதே டெர்மினலிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் 15 நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடும். நாங்கள் இறங்கி முடிக்கிற அல்பிக்லனில், கிளைன ஷைடெக்கிலிருந்து இறங்குகிற பல்சக்கர ரயில் நிற்கும். நீங்கள் அதில் வாருங்கள். அங்கே சேர்ந்து சாப்பிடுவோம்.

லண்டன் தம்பி, 21:33
சரி சித்தப்பா. நான் இதை யோசிக்கவே இல்லை. அப்பம்மா, மன்னியுங்கள்.

அப்பம்மா, 21:35
என்ன மன்னிப்பு. நீ ஆசைப்பட்டதையும் போய்ப் பார்.

வெள்ளிக்கிழமை

பேர்ன் சித்தப்பா, 18:20
வெப்கேமராவைப் பார்த்தேன், பாதையும் திறந்திருக்கிறது. நாளை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு இடி என்று வானிலை ஆப்பில் போட்டிருக்கிறது. கோடையில் காலை வெளித்திருந்தாலும் பின்னேரம் முகில் கட்டிவிடும். அதனால் 9 மணிக்கு டெர்மினலில் எல்லாரும் நிற்க வேண்டும். அக்கா, நீங்கள் விடியவே வெளிக்கிட வேண்டும்.

ஒன்று முக்கியம். இன்டர்லாக்கன் ஒஸ்ட்டில் ஏறுகிற ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும், பாதி லவுட்டர்புருனனுக்குப் போய்விடும். பெட்டியில் கிரிண்டல்வால்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

சூரிச் அக்கா, 18:26
பிள்ளைகளின் ரயில் பயணத்துக்கு ஜூனியர் கார்டு எடுத்துவிட்டேன். அப்பம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டுமா? கீழே 25 பாகை என்கிறார்கள்.

பேர்ன் சித்தப்பா, 18:31
கட்டாயம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குறையும், காற்று வேறு. தொப்பி, சன்க்ரீம், மழைக்கோட்டு. தம்பி, கணுக்காலைப் பிடிக்கிற சப்பாத்து இல்லாவிட்டால் என் மகனுடையதைக் கொண்டு வருகிறேன், சைஸ் சொல். எல்லாருடைய போனிலும் 1414 இருக்கட்டும், அது ரேகா மீட்பு ஹெலிகாப்டர். 112ம் வேலை செய்யும்.

இன்னொன்று: வழியில் மாடுகள் மேயும். கன்றோடு நிற்கிற பசுவுக்குக் கிட்டப் போக விடாதீர்கள், சின்னவன் தடவ ஓடுவான். படலையைத் திறந்தால் திரும்பச் சாத்த வேண்டும்.

அப்பம்மா, 18:40
கன்று ஈன்ற மாடு எங்கேயும் ஒன்றுதான் மகன். எங்கள் சிவப்பியும் பத்து நாளுக்கு என்னைத் தவிர ஒருவரையும் கிட்ட விடவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை

சூரிச் அக்கா, 10:05
மேலே வந்துவிட்டோம். சின்னவன் மரப் பசுவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

பேர்ன் சித்தப்பா, 10:12
நாங்கள் சுவருக்குக் கீழே. பெரியவள் கழுத்தை முழுக்க மடித்துப் பார்த்தும் உச்சி தெரியவில்லை என்கிறாள். 1938இல் இந்தச் சுவரில் முதல்முறை ஏறி முடித்த நாலு பேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

பாசல் மாமி, 11:02
புல்லுக்குள்ளிருந்து யாரோ விசில் அடிக்கிற மாதிரிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் மர்மோட், பெரிய அணில் மாதிரி ஒரு மலைப் பிராணி! பின்னங்காலில் நிமிர்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. அம்மாவும் அசையாமல் நின்று அதையே பார்த்தா. ஒரு நிமிடம் இருக்கும்.

லண்டன் தம்பி, 11:20
ஒரு வெட்டில் இன்னும் பனி கிடக்கிறது. சித்தப்பா முதலில் கோலால் குத்திப் பார்த்து, படி வெட்டி, எங்களை ஒவ்வொருவராகக் கடக்க விட்டார். நீங்கள் சொன்ன அதே கறுத்த பனிதான் சித்தப்பா. இங்கே அப்பம்மாவைக் கூட்டி வந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதைக்கிறது.

சூரிச் அக்கா, 12:25
கிளைன ஷைடெக். அப்பம்மா எங்கேயும் கை பிடிக்க விடவில்லை. இடையில் இரண்டு தரம் மட்டும் இருந்து ஆறினா.

அப்பம்மா, 12:31
எதிரில் வருகிற எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். இந்த மலைகளைப் பார்க்க உங்கள் அப்பா இல்லையே மகன்.

பேர்ன் சித்தப்பா, 12:44
அவருக்காகவும் பாருங்கள் அம்மா. அல்பிக்லனுக்கு இறங்கிவிட்டோம், மூவரும் நலம். கீழ்ப்பகுதி இறக்கம் கடுமைதான், பெரியவள் நன்றாக நடந்தாள். முகில் கட்டத் தொடங்குகிறது, அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

சூரிச் அக்கா, 13:03
ஏறிவிட்டோம். கடைசிப் பெட்டி. ஜன்னலால் சின்னவன் கை காட்டுவான், இடியப்பப் பெட்டி மாமியிடம் இருக்கிறது.