டிகிண்டர்: ஃப்ரேமுக்கு ஸ்க்ரோல்பார் வேலை செய்யவில்லை, ட்ரீவியூவுக்கு மாறலாமா?

கேள்வி:
பைத்தானின் ஜன்னல் அமைக்கும் நூலகமான டிகிண்டரில் மதிப்பெண் பதிவுப் படிவம். 40 மாணவர்கள், ஆளுக்கு 5 பாடம். பெயருக்கு லேபிள், மதிப்பெண்ணுக்கு என்ட்ரி (தட்டச்சுப் பெட்டி), எல்லாம் ஒரே ஃப்ரேமில் கிரிட் முறையில். 25-ஆவது வரிசைக்குக் கீழே திரையில் தெரிவதில்லை. ஸ்க்ரோல்பாரின் கமாண்டில் ஃப்ரேமின் ஒய்வியூவை, அதாவது செங்குத்தாக உருட்டும் மெத்தடை, கொடுத்தால், அப்படி ஒரு ஆட்ரிபியூட்டே இல்லை என்று பிழை வருகிறது. அட்டவணை காட்டும் ட்ரீவியூவுக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
மாற வேண்டாம். ஒய்வியூ உள்ளவை கேன்வாஸ் (வரைபரப்பு), டெக்ஸ்ட், லிஸ்ட்பாக்ஸ், ட்ரீவியூ. ஃப்ரேம் வெறும் பெட்டி. அதற்கு உருட்டத் தெரியாது. ஆகவே அதைக் கேன்வாஸுக்குள் வைத்து, கேன்வாஸை உருட்ட வேண்டும்.

ஸ்க்ரோல்பாரின் கமாண்ட் கேன்வாஸின் ஒய்வியூ. கேன்வாஸின் ஒய்ஸ்க்ரோல்கமாண்ட் ஸ்க்ரோல்பாரின் செட். ஒன்றை மட்டும் இணைத்தால் பாதிதான் இயங்கும். உள் ஃப்ரேமின் பேரன்ட்டாகக் கேன்வாஸைக் கொடுங்கள். ஆனால் அதை பேக் செய்யாதீர்கள், கிரியேட்_விண்டோ மூலம் 0,0 புள்ளியில் பொருத்துங்கள். பேக் செய்தால் கேன்வாஸ் ஃப்ரேமின் அளவுக்கு நீண்டுவிடும், உருட்ட எதுவும் மிஞ்சாது. ஆங்கரை 'என்டபிள்யூ' (மேல்-இடது மூலை) என்று கொடுக்க மறக்காதீர்கள். இயல்பு 'சென்டர்' என்பதால் ஃப்ரேமின் நடுப்புள்ளி 0,0-இல் போய் உட்காரும்.

பலரும் சறுக்குவது ஸ்க்ரோல்ரீஜனில்தான் (உருட்டக்கூடிய பரப்பு). விட்ஜெட்டுகள் (லேபிள், என்ட்ரி போன்ற உறுப்புகள்) திரையில் அடுக்கப்படுவதற்கு முன்பே அளவெடுத்தால் ஃப்ரேமின் உயரம் 1 பிக்சல் என்றுதான் கிடைக்கும். உள் ஃப்ரேமின் அளவு மாறும்போது எழும் கான்ஃபிகர் நிகழ்வை ஒரு ஃபங்ஷனோடு பைண்ட் செய்து (இணைத்து), ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சூழும் எல்லையான கேன்வாஸின் பிபாக்ஸ்('ஆல்') மதிப்பை ஸ்க்ரோல்ரீஜனுக்குக் கொடுங்கள்.

பதில் 2:
40 வரிசைக்கு மேலே சொன்னது போதும். 200 என்ட்ரி ஒரு சுமையே அல்ல. பள்ளி முழுவதற்கும் 1,000 வரிசை என்றால் 5,000 என்ட்ரி. அப்போது ஜன்னல் திறக்கவே தாமதமாகும், ட்ரீவியூதான் சரி. அதில் கட்டத்துக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்ய முடியாது. இரட்டைச் சொடுக்கில் ஐடென்டிஃபை_ரோ, ஐடென்டிஃபை_காலம் இரண்டாலும் கட்டத்தைக் கண்டுபிடித்து, பிபாக்ஸ் தரும் இடத்தில் ஒரு என்ட்ரியை பிளேஸ் செய்யலாம். அந்த வரிசை பார்வைக்கு வெளியே இருந்தால் பிபாக்ஸ் வெற்றுச் சரம் தரும். அதைச் சோதிக்காமல் நான்கு எண்களாகப் பிரித்தால் பிழை விழும்.

கேட்டவர்:
கேன்வாஸ் முறையில் உருள்கிறது, நன்றி. ஆனால் மவுஸ் சக்கரம் காலி இடத்தில் மட்டும் வேலை செய்கிறது, என்ட்ரியின் மேல் சுட்டி இருந்தால் அசைவதில்லை.

பதில் 1:
சக்கர நிகழ்வு சுட்டிக்கு அடியில் இருக்கும் விட்ஜெட்டுக்குப் போகிறது. கேன்வாஸில் செய்த பைண்ட் அங்கே எட்டாது. கேன்வாஸின் என்டர் நிகழ்வில் (சுட்டி உள்ளே வரும்போது) சக்கர நிகழ்வை எல்லா விட்ஜெட்டுக்கும் சேர்த்து பைண்ட்_ஆல், லீவ் நிகழ்வில் (வெளியேறும்போது) அன்பைண்ட்_ஆல் செய்யுங்கள். விண்டோஸில் டெல்டா (சக்கரம் நகர்ந்த அளவு) 120-இன் மடங்காக வரும்; 120-ஆல் வகுத்து, குறியை மாற்றி, முழு எண்ணாக ஒய்வியூ_ஸ்க்ரோலுக்குக் கொடுங்கள். லினக்ஸில் டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 என்றால் மவுஸ்வீல் நிகழ்வே வராது, பட்டன்-4 மேலே, பட்டன்-5 கீழே என்று தனித்தனியாக பைண்ட் செய்ய வேண்டும்.