யார் காசில் வந்த மாத்திரை? பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருச்சி (தொடங்கியவர்)

போன ஞாயிறு மச்சானோடு வீடியோ காலில் சண்டை. அவர் நியூஜெர்சியில் 18 வருடமாக இருக்கிறார். "நான் கட்டுற வரியில ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு மாத்திரை வாங்கணும்? இங்கேயே இன்சுலின் விலை கட்டுப்படியாகாம பாதி பாதியா போட்டுக்கிறவன் இருக்கான்" என்றார். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும், ஜூலையில் அந்த உதவியைக் கொடுத்துவந்த யூ.எஸ்.எய்ட் என்ற அரசு அமைப்பையே மூடியதும் சரிதான் என்பது அவர் கட்சி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அக்கா போனை வாங்கி "சாப்பிட்டியாடா" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டாள்.

பணக்கார நாடு ஏழை நாட்டு வைத்தியத்துக்குக் காசு தரவேண்டுமா என்றால் கருத்து ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் காசு போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது இருந்திருக்கிறீர்களா? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், மச்சானுக்கு அப்படியே அனுப்புகிறேன்.

நாமக்கல் பக்கம், முன்னாள் ஆலோசகர்

நான் இருந்திருக்கிறேன். ஆனால் ஆப்பிரிக்காவில் இல்லை, இங்கேதான். அந்தக் காசு நமக்கும் வந்தது என்பதை உங்கள் மச்சான் மறந்துவிட்டார் போல.

2003-லிருந்து 2014 வரை ஒரு தொண்டு நிறுவனத்தில் எச்.ஐ.வி. ஆலோசகராக இருந்தேன். வாசலில் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். முதல் வாரம் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்து, தெருக்குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது என்று மனு கொடுத்தார். மறுநாளே பலகையை மாற்றினோம்.

நாமக்கல் என்றால் லாரி. பாடி கட்டும் பட்டறை, டிரைவர், கிளீனர், அவர்கள் வீட்டுப் பெண்கள். நான் சேர்ந்தபோது, ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லிவிட்டு, அழுது முடிக்கிறவரை கூட உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கொடுக்கக் கையில் ஒன்றும் கிடையாது. மருந்து உலகத்தில் இருந்தது. 2000 வாக்கில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் நம் மும்பை மருந்துக் கம்பெனி சிப்லா, மூன்று மருந்துக் கூட்டை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. உலகம் வாயைப் பிளந்தது. கிளீனர் வேலை பார்க்கிறவனுக்கு அந்த 350-ம் எட்டாத விலைதான்.

ஒரு டிரைவரின் மனைவி கறவை மாட்டை விற்று மூன்று மாத மருந்து வாங்கினார். நான்காவது மாதம் விற்க எதுவும் இல்லை. இந்த மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் அதே மருந்து கேட்காது. அவருக்கு அதைத்தான் நான் ஏற்கெனவே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மாட்டை விற்ற பிறகு சொல்ல வாய் வரவில்லை.

2004 ஏப்ரல் 1. நாடு முழுக்க எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது, அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். தேதியைக் கேட்டு "முட்டாள் தினத்துல நம்மள வச்சுக் காமெடி பண்றாங்க மேடம்" என்றார் ஒரு டிரைவர். அவரே அடுத்த வாரம் ராத்திரி பஸ் ஏறினார். விடிகாலை இறங்கி, வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, மருந்தோடு மறுநாள் ஊர் திரும்புவார்கள். அப்புறம் மாவட்ட மருத்துவமனைகளிலும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பரவியதில் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியான குளோபல் ஃபண்ட் காசு பெரும்பங்கு. 2002-ல் தொடங்கிய அந்த நிதியில் பணக்கார அரசுகள் போட்டதுதான் அதிகம். எனவே உங்கள் மச்சானைப் போன்ற யாரோ ஒருவரின் வரியும் நாமக்கல் வரை வந்திருக்கிறது.

மாதம் 60 மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. அடுத்த முறை வரும்போது டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மீதியை எண்ணுவோம். பல டப்பாக்களில் லேபிளை பிளேடால் சுரண்டி எடுத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கும். எண்ணிவிட்டு நானே பஞ்சைத் திரும்ப அடைத்துக் கொடுப்பேன்.

இப்போது நாட்டின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே ஏறக்குறைய முழுக்க நம் அரசின் காசில் ஓடுகிறது. 1992-ல் உலக வங்கிக் கடனில் ஆரம்பித்தது இது. நடுவில் 2003-ல் கேட்ஸ் அறக்கட்டளை 'அவஹான்' என்ற பெயரில் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தடுப்பு வேலை தொடங்கி, பிறகு வருடக் கணக்கில் படிப்படியாக அரசிடம் ஒப்படைத்தது. எங்கள் ஊரில் பெயர்ப் பலகை மாறியது, ஆட்கள் அப்படியே இருந்தார்கள். வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு மாறியதே தெரியாது.

இன்னொரு கதையும் உண்டு. வேறொரு வெளிநாட்டு நன்கொடையாளர், பெயர் வேண்டாம். நோயுள்ள குழந்தைகளுக்கு மாதாமாதம் சத்துமாவும் பஸ் காசும் தந்தார்கள். ஒரு மார்ச் கடைசியில் மெயில் வந்தது: எங்கள் முன்னுரிமைகள் மாறிவிட்டன, நன்றி. ஏப்ரல் முதல் வாரம் பிள்ளைகள் வழக்கம்போல் பையோடு வந்து வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு நாங்கள் நாலு பேர் காசு போட்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். மே மாதம் பாதிப் பேர் மருந்துக்கே வரவில்லை. பஸ் காசு இல்லையே.

கோவை

தனக்கு மிஞ்சித்தான் தானம். அமெரிக்கனுக்கே மிஞ்சவில்லை என்கிறான், விடுங்கள். எங்கள் ஊர் ஜி.எச்.சில் மாமாவுக்குக் கட்டில் கிடைக்காமல் இரண்டு ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தார். யார் வந்து கேட்டார்கள்?

நாகப்பட்டினம்

கோவைக்காரரோடு நான் பாதி ஒத்துப்போகிறேன், காரணம்தான் வேறு.

2004 சுனாமிக்குப் பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரணப் பொருள் பிரிக்கும் வேலை பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வெளிநாட்டு அரசுகளின் உதவியை இந்தியா அப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் தனியார் அனுப்பியது வந்துகொண்டே இருந்தது. மணமேடை மேல் மருந்து அட்டைப்பெட்டி, பந்தி போடும் இடத்தில் பழைய துணி. டிசம்பர் வெயிலில் கம்பளி ஸ்வெட்டர் மூட்டை மூட்டையாக வந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள்.

மருந்துக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பிரித்தார். பாதியில் எழுத்து என்ன மொழி என்றே தெரியவில்லை. தேதி முடிய ஒரு மாதமே இருந்தது சில. யாரோ பாதி குடித்து மூடி வைத்த இருமல் மருந்துகூட இருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது பிளீச்சிங் பவுடரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும். பிரித்து ஒதுக்கியதைப் புதைக்க பஞ்சாயத்தில் தனியாக இடம் கேட்க வேண்டியிருந்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் இதே சுனாமிக்கு 4,000 டன் மருந்து வந்து குவிந்து, பெரும்பகுதி யாரும் கேட்காத சரக்கு என்று பின்னால் படித்தபோது, நம் மண்டபமே தேவலை என்று தோன்றியது.

கொடுங்கள். என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

லுசாகா, ஜாம்பியா (சொந்த ஊர் விருதுநகர்)

மருந்து மொத்த வியாபாரத்தில் கணக்குப் பார்க்கிறேன், ஒன்பது வருடமாக. உங்கள் மச்சான் பேசுவதைத்தான் நானும் நீண்ட நாள் பேசிக்கொண்டிருந்தேன். ஏனென்று சொல்கிறேன்.

இங்கே பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. அதற்கான மருந்து நீண்ட நாள் ஓடியதே பெரும்பாலும் அமெரிக்கக் காசில். அதிபர் புஷ் 2003-ல் தொடங்கிய பெப்ஃபார் என்ற அமெரிக்க எய்ட்ஸ் உதவித் திட்டம், முதல் ஐந்து வருடத்துக்கு மட்டும் 1,500 கோடி டாலர். மலேரியா மருந்தும் அப்படியே வந்தது. ஒருநாள் எங்கள் தெருமுனைக் கடையில் மலேரியா மாத்திரை கேட்டேன். அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்ததை மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள், அதுவும் சரியாக அடிக்கவில்லை. கீழே தயாரிப்பாளர் முகவரி இந்தியா. அமெரிக்கா காசு கொடுத்து, நம் ஊரில் தயாராகி, ஜாம்பியா அரசுக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து நடந்து வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறது. "கிளினிக்கில் இருப்பு இல்லை என்பார்கள், இங்கே இருக்கிறது" என்றார் கடைக்காரம்மா, பெருமையாக.

நான் பார்த்தது ஒரு கடை. அமெரிக்கத் தூதரகம் 2,000-க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளைப் பார்த்துவிட்டு, 2025 மே மாதம் தூதரே வெளிப்படையாகச் சொன்னார்: எங்கள் மருந்து திருட்டுப் போகிறது, பலமுறை சொல்லியும் நடவடிக்கை இல்லை, வருடத்துக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை வெட்டுகிறோம் என்று. எனக்குக் கோபமே வரவில்லை. இத்தனை நாள் பொறுத்ததே அதிகம் என்று நினைத்தேன்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த ஜனவரி நிறுத்தம் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு இரவுக் காவலாளிக்கு எச்.ஐ.வி. என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளோடு ஆரோக்கியமாக இருக்கிற மனுஷன். அவர் மருந்து வாங்கும் சின்ன மையத்தில் சம்பளம் வாங்கியவர்கள் அமெரிக்கக் காசில் வாங்கியவர்கள். ஒரே நாளில் கதவு பூட்டு. பிப்ரவரியில் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, கணக்குப் பார்க்கிறவர்தானே நீங்கள், இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று டப்பாவை நீட்டினார். 22 மாத்திரை இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் எவ்வளவு நாள் வரும் என்பது அவர் கேள்வி. 44 நாள் என்று சொல்ல எனக்கு என்ன, வாய்ப்பாடு தெரியாதா? சொல்லவில்லை. வேறு கிளினிக்குக்கு வண்டியில் கூட்டிப்போனேன், மூன்று மணி நேரம் நின்று வாங்கினோம்.

திருடினவன் கடை நடத்திக்கொண்டுதான் இருக்கிறான். இந்த மனுஷன் எதையும் திருடவில்லை.

யாழ்ப்பாணம், தாதி

2022-ஐச் சொல்கிறேன். ஏப்ரலில் நாடு கடன் கட்டமுடியாது என்று அறிவித்தது. எங்களுக்கு மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, டொலர் இல்லையென்றால் மருந்தும் இல்லை. பனடோல் வரைக்கும் எண்ணிக் கொடுத்தோம். அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளி வைத்தார்கள். ஒரு ஐயா மருந்துச் சிட்டையோடு ஐந்து பார்மசி ஏறி இறங்கிவிட்டுத் திரும்ப வாட்டுக்கே வந்து "பிள்ளை, எங்கேயும் இல்லையாம்" என்று வாங்கில் இருந்துவிட்டார்.

மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால்மா, மருந்தோடு கப்பல் வந்தது. மொத்தம் 137 வகை மருந்து என்றார்கள். எங்களிடம் முதலிலேயே தேவைப்பட்டியல் கேட்டிருந்தார்கள் என்பதால் பெட்டிகளில் வந்தது அநேகமாக வேண்டிய சாமான். (நாகப்பட்டினத்துக்காரர் கவனிக்க.) கனடா, பிரான்ஸ் சொந்தங்கள் சூட்கேசில் கொண்டு வந்ததும் உதவிதான், ஆனால் சொந்தம் உள்ளவனுக்குத்தான் அது கிடைத்தது.

இன்னொன்று. என் அம்மம்மா மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில் பிறந்தவ. 1847-ல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இருந்த இடம் அது. மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். மதம் பரப்பத்தான் வந்தார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அவர் போன பிறகு மருந்து தர இங்கே ஆட்கள் இருந்தார்கள்.

பர்மிங்காம், செவிலியர் (சொந்த ஊர் மார்த்தாண்டம்)

பணக்கார நாட்டிலிருந்து நான் எழுதுகிறேன். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்பது 1970-ல் ஐ.நா. வைத்த இலக்கு. பிரிட்டன் சில வருடம் அதைத் தொட்டது. 2021-ல் 0.5 ஆக்கினார்கள், 2027-க்குள் 0.3 என்கிறார்கள்.

என் இரவு ஷிப்டில் ஜிம்பாப்வே அக்கா ஒருவர், கானா அக்கா ஒருவர், கேரளத்து ஆள் இரண்டு, நான். இங்கே பிறந்தவர் ஒரே ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் 55 நாடுகளைப் பட்டியல் போட்டு, இங்கெல்லாம் மருத்துவப் பணியாளர்களே போதவில்லை, தேடிப்போய் ஆள் எடுக்காதீர்கள் என்றது. கானாவும் ஜிம்பாப்வேயும் அதில் உண்டு. அவர்களைப் படிக்கவைத்த செலவு அந்த நாடுகளுடையது, வேலை செய்வது இங்கே. இந்தக் கணக்கை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. ஜிம்பாப்வே அக்காவிடம் ஊர் ஆஸ்பத்திரி எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "என் வகுப்பில் 30 பேர், ஊரில் இருப்பது நாலு பேர்" என்று சொல்லிவிட்டு டிரிப்ஸ் மாற்றப் போய்விட்டார்.

திருச்சி (தொடங்கியவர்)

எல்லாவற்றையும் மச்சானுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. நேற்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஜாம்பியாக்காரர் எழுதியதில் முதல் பாதிதான் தன் கட்சி என்கிறார். இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: "அந்த நாமக்கல் அம்மா டப்பாவுக்குள்ள பஞ்சுன்னு எழுதியிருக்காங்களே, அது எதுக்கு?" நானும் படிக்கும்போது யோசித்தேன், கேட்க விட்டுப்போச்சு.

நாமக்கல் பக்கம், முன்னாள் ஆலோசகர்

பஸ்ஸில் வரும்போது குலுங்கினால் மாத்திரை சலசலவென்று சத்தம் கேட்கும் தம்பி. பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன மாத்திரை, யாருக்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குத்தான் பஞ்சு. இப்போது வருவது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. போன தீபாவளிக்கு அந்த முட்டாள் தின டிரைவர் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தார், பேரன் பிறந்திருக்கிறான். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து என் காதருகே குலுக்கிக் காட்டினார். சத்தமே இல்லை.