"மன்றம் இன்னும் காசு தரவில்லை" என்கிறார் மெயின்கோன்: கால்வாய் வேலைக் காசை எப்படி வாங்குவது?

கணக்குமகள், பட்டர்வொர்த்

வணக்கம். என் அப்பா சின்ன அளவில் கால்வாய், நடைபாதை வேலைகள் எடுத்துச் செய்பவர். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் ஜி2 (சிறு குத்தகையாளர் நிலை) பதிவு இருக்கிறது. கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன்.

ஊராட்சி மன்ற வேலை ஒன்றை எடுத்த மெயின்கோனுக்கு (முதன்மைக் குத்தகையாளருக்கு) கீழே நாங்கள் சப்கோனாக (துணைக் குத்தகையாளராக) இறங்கினோம். ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உடைந்து கிடந்த பழைய கால்வாயைப் பெயர்த்துவிட்டு யூ வடிவக் கான்கிரீட் கால்வாய் போடும் வேலை. வேலை முடிந்து, மன்றத்து ஆட்கள் வந்து அளந்துவிட்டும் போய்விட்டார்கள். எங்களுக்கு வர வேண்டியது 62,000 ரிங்கிட். அதில் பாதிகூட இன்னும் வரவில்லை. கேட்டால், "மன்றம் எனக்கே இன்னும் தரவில்லை, வந்ததும் முதலில் உங்களுக்குத்தான்" என்கிறார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் இரண்டு மூலைகளில் சம்ப் குழி கட்டி மூடி போடச் சொல்லி, தளத்துக்கு வந்த மன்றத்தின் ஜூருத்தெக்னிக் (தொழில்நுட்ப அலுவலர்) வாய்வார்த்தையாகச் சொன்னார். மெயின்கோன் ஆளும் பக்கத்தில்தான் நின்றார். அப்பா கட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது "அது கொட்டேஷனில் இல்லையே" என்கிறார் மெயின்கோன்.

முறையான ஒப்பந்தம் என்று ஒன்றும் கையெழுத்தாகவில்லை. எங்கள் கொட்டேஷன் இருக்கிறது. அதற்கு அவர் வாட்ஸ்அப்பில் "ஓகே, திங்கட்கிழமை தொடங்குங்க" என்று போட்ட பதில் இருக்கிறது. அப்புறம் எங்கள் இன்வாய்ஸ்கள். கம்பிக் கடைக்கும் ரெடிமிக்ஸ் கம்பெனிக்கும் அப்பாதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சண்டைக்குப் போனால் இனி யாரும் வேலை தர மாட்டார்கள் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஜூருத்தெக்னிக், புக்கிட் மெர்தாஜாம்

தங்கச்சி, நான் மன்றத்துப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காசு எந்த வழியாகப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் அவர் சொல்வது எவ்வளவு உண்மை என்று நீங்களே கணிக்கலாம்.

குத்தகையாளர் கிளேம் (காசு கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும். அதோடு இன்டன் (வேலை ஆணை) அல்லது ஒப்புதல் கடிதத்தின் நகல், கூட்டாக அளந்த அளவுத்தாள், வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்த படங்கள், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டிய ரசீது எல்லாம் சேர வேண்டும். ஜூருத்தெக்னிக் சரிபார்ப்பார், பொறியாளர் கையெழுத்துப் போடுவார், பிறகு கோப்பு நிதிப் பிரிவுக்குப் போகும். ஆவணம் முழுமையாக வந்து சேர்ந்தால் 14 நாளுக்குள் பில்லைக் கட்ட வேண்டும் என்பது அரசாங்கக் கருவூல விதி. நான் பார்த்தவரை, தாமதத்தில் பெரும்பகுதி கோப்பு எங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்துவிடும். படம் குறையும், சொக்சோ ரசீது இருக்காது, கிளேமே போட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "மன்றத்தில் கிளேம் கொடுத்தபோது போட்ட பெற்றுக்கொண்ட முத்திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்." முத்திரை இருந்தால் தேதி தெரிந்துவிடும். அதை அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான். நீங்கள் நேரே கவுண்டருக்குப் போய்க் கேட்டால் சொல்ல மாட்டார்கள். மன்றத்துக்கு ஒப்பந்தம் அவரோடுதான்.

சம்ப் விஷயத்துக்கு வருகிறேன். ஜூருத்தெக்னிக்குக் கூடுதல் வேலை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அது பெகாவாய் பெங்குவாசா (ஒப்பந்தத்தை மேற்பார்க்கும் அதிகாரி) எழுத்தில் தர வேண்டியது. ஆனாலும் மனம் தளர வேண்டாம். கூட்டாக அளந்த தாளில் அந்தச் சம்ப் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மன்றம் அதை ஏற்றுக்கொண்டு மெயின்கோனுக்குக் காசு போட வழி இருக்கிறது. அவருக்கு அது வந்திருந்தால், உங்களுக்கு மறுப்பது நியாயமே இல்லை.

அளவையாளர், கோலாலம்பூர்

ஐயா சொன்னது மன்றத்துக்கும் மெயின்கோனுக்கும் இடையில் நடப்பது. மெயின்கோன் உங்களுக்குத் தர வேண்டிய கடன் அதற்குள் வரவே வராது, இதை அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் கட்டணம், தீர்ப்பாய்வுச் சட்டம் (சட்டம் 746, எல்லாரும் சிபா என்போம்) 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 35ஆம் பிரிவுப்படி "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை செல்லாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலே செல்லாது என்றால், உங்கள் விஷயத்தில் எழுதக்கூட இல்லை.

சிபாவுக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் கொட்டேஷனையும் அந்த வாட்ஸ்அப் பதிலையும் சேர்த்து வைத்து வாதாடலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இந்த ஒரு இடத்தை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சாட் முழுவதையும் இன்றே ஏற்றுமதி செய்து, தேதி தெரிகிற மாதிரி அச்சடித்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் ஒப்பந்தமே தொலைந்த மாதிரி.

அடுத்தது பேமன்ட் கிளேம். இது சாதாரண இன்வாய்ஸ் அல்ல. எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் கட்ட வேண்டியது, எந்த வேலைக்காக, ஒப்பந்தத்தின் எந்த அம்சத்தின்படி, இத்தனையும் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். அவருக்குப் பதில் சொல்ல 10 வேலை நாள். பேசாமல் இருந்தால் முழுவதையும் மறுத்ததாகக் கொள்ளப்படும், நீங்கள் தீர்ப்பாய்வுக்குப் (நீதிமன்றம் போகாமல், தீர்ப்பாய்வர் ஒருவர் விசாரித்து முடிவு சொல்லும் முறைக்கு) போகலாம். தீர்ப்பாய்வரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியாவிட்டால், கோலாலம்பூர் பங்குனான் சுலைமான் கட்டடத்தில் இருக்கும் ஏ.ஐ.ஏ.சி. (ஆசிய அனைத்துலக நடுவர் மையம்) நியமிக்கும். இரு தரப்பும் வாதத்தை எழுதிக் கொடுத்து முடித்த பின் 45 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 30ஆம் பிரிவு. முடிவு வந்தும் மெயின்கோன் கட்டவில்லை என்றால், மன்றத்திடமே நேராகக் கேட்கலாம். மன்றம் அவரிடம் "கட்டிவிட்டீரா, 10 வேலை நாளுக்குள் காட்டு" என்று கேட்கும். காட்டாவிட்டால், அவருக்குச் சேர வேண்டியதில் இருந்து உங்களுக்குக் கொடுக்கும். ஆனால் அந்த நேரத்தில் மன்றம் அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சம் இருக்க வேண்டும். கடைசிக் கணக்கு முடிந்து முழுக்க வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால்தான் "வரும் வரைக்கும் பொறுத்திருப்போம்" என்பது உங்களுக்கு ஆபத்து என்கிறேன்.

ஜி1 குத்தகைக்காரர், நிபோங் தெபால்

நானும் சப்கோனாக இருந்து நொந்தவன். மன்ற உறுப்பினர் யாரையாவது பார்த்தால் வேலை நடக்காதா? அவர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள்தானே, ஒரு போன் போட்டால் போதுமே. அப்புறம், மெயின்கோன் மன்றத்தின் அனுமதி இல்லாமலேதான் உங்களிடம் வேலையைத் தள்ளியிருப்பார். அதை எழுதிப் போட்டால் கருப்புப் பட்டியலுக்குப் பயந்து காசு தானாக வரும்.

ஓய்வுபெற்ற ஜூருத்தெக்னிக், புக்கிட் மெர்தாஜாம்

தம்பி, மன்ற உறுப்பினரால் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க முடியும், தனியார் இருவருக்கு இடையில் உள்ள கடனை வசூலித்துத் தர முடியாது. அனுமதி இல்லாமல் துணைக் குத்தகைக்கு விட்டார் என்று இப்போது புகார் கொடுத்தால் மன்றம் கோப்பை நிறுத்தி வைத்து விசாரிக்கும். அவருக்கும் காசு நிற்கும், உங்களுக்கும் நிற்கும். முதலில் காசு, புகாரைப் பிறகு பார்க்கலாம்.

கணக்குமகள், பட்டர்வொர்த்

ஐயா, அண்ணே, மிக்க நன்றி. முத்திரைப் படம் கேட்டேன். "ஆபீஸ் பிள்ளையிடம் இருக்கிறது" என்றார், இன்னும் அனுப்பவில்லை.

நேற்று ராத்திரி அப்பாவின் லாரியில் இருந்த கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். ரெடிமிக்ஸ் டி.ஓ. (கான்கிரீட் தளத்தில் இறக்கியதற்கான) சீட்டுகள் எல்லாம் கிளிப் போட்டு வைத்திருக்கிறார். தேதி, லாரி வந்த நேரம், எத்தனை கன மீட்டர், எந்தக் கிரேட், தள முகவரி எல்லாம் இருக்கிறது. சம்ப் கட்டிய நாளின் சீட்டில் மெயின்கோனின் சூப்பர்வைசர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பி.ஆர்.சி. (இரும்புக் கம்பி) வலை விரித்த படமும் கைப்பேசியில் இருக்கிறது. வெள்ளைப் பலகையில் தேதியும் தூரக் குறியும் எழுதி வைத்து எடுத்தது. இதெல்லாம் உதவுமா?

அளவையாளர், கோலாலம்பூர்

உதவுமாவா! அந்த ஒரு டி.ஓ. சீட்டு, சம்ப் வேலை நடந்தது மெயின்கோனுக்குத் தெரியும் என்று காட்டுகிறது. அதை முதல் இணைப்பாக வையுங்கள். மண்ணுக்குள் மூடிப்போன வேலைக்குப் படத்தையும் சீட்டையும் விட்டால் வேறு சாட்சி கிடையாது. அப்பா இதைப் பத்திரமாக வைத்திருந்தது பெரிய விஷயம், அவரிடம் சொல்லுங்கள்.

கிளேமில் மூல வேலையையும் சம்ப்பையும் தனித்தனித் தொகையாகப் போடுங்கள். சம்ப்பில் இழுபறி வந்தாலும் மற்றது நிற்கக் கூடாது. தீர்ப்பாய்வருக்குக் கட்டணம் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். அது கட்டுப்படியாகாது என்று தோன்றினால், 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மெதுவாக நடக்கும், ஆனால் அதுவும் ஒரு வழி.

வேலை வராது என்ற அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. கடிதத்தை மரியாதையாக, ஒரு கடுஞ்சொல் இல்லாமல் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் பெயர் போட்ட தாள் போய்ச் சேர்ந்ததுமே பேச்சு மாறும்.

கணக்குமகள், பட்டர்வொர்த்

அப்பா சம்மதித்துவிட்டார். கடிதத்தைத் தயார் பண்ணிவிட்டேன், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு இந்த வார இறுதிக்குள் பதிவுத் தபாலிலும், நேரே கொண்டு போய்க் கையெழுத்து வாங்கியும் கொடுக்கப்போகிறேன். கடைசியாக ஒன்று: அந்த 10 வேலை நாளை எப்படிக் கணக்கிடுவது? அவருடைய ஆபீஸ் கெடாவில் இருக்கிறது.

அளவையாளர், கோலாலம்பூர்

தளம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வார இறுதியும் பொது விடுமுறையும்தான் கணக்கு. உங்கள் தளம் பினாங்கு, ஆகவே சனி, ஞாயிறு கழியும். கெடாவின் வெள்ளிக்கிழமை விடுமுறை இதில் சேராது. ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம், பினாங்கில் விடுமுறை, அது நடுவில் வந்தால் அதையும் கழித்துவிடுங்கள். அவர் பெற்றுக்கொண்ட தேதியைக் கடிதத்தின் நகலில் அவர் கையாலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.