சின்ன கிளினிக்கில் ஆராய்ச்சி: செய்யலாமா, வேண்டாமா?

மேலூர் டாக்டர்

போன ஞாயிறு மதுரையில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு மூத்தவர், "ஆராய்ச்சியெல்லாம் பெரியாஸ்பத்திரி வேலை, கிளினிக் வைத்திருப்பவன் சீட்டு எழுதினால் போதும்" என்று சொன்னார். அரங்கில் பலர் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எட்டு வருடமாக மேலூர் பக்கம் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வரும் கூட்டம் வேறு, பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் கூட்டம் வேறு. 1961-ல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் இதை எண்ணிக் காட்டினார்கள். ஒரு மாதத்தில் 1000 பெரியவர்களில் 750 பேருக்கு ஏதோ ஒரு நோவு வருகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர். நம் ஊரில் எண்கள் மாறலாம். ஆனால் நாம் கல்லூரியில் படித்த பாடம் பெரும்பாலும் அந்த ஒருவரைப் பார்த்து எழுதியது. மற்ற 249 பேர் நம் வாசலில் நிற்கிறார்கள்.

ஒரு கார்த்திகை மாதம், ஆடு மேய்க்கும் ஓர் அம்மா ஏழு நாள் காய்ச்சலோடு வந்தார். அதற்குள் இரண்டு இடத்தில் ஊசி போட்டாயிற்று. நர்ஸை வைத்துக்கொண்டு சேலை மடிப்பை விலக்கிப் பார்த்தேன். இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடி சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலி இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தேன், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு நடந்து வருகிறவர்களில், உடம்பு முழுக்கத் தேடினால் நூற்றுக்கு எத்தனை பேரிடம் இந்தப் பொருக்கு இருக்கும்? இதற்குப் பதில் எந்த வார்டிலும் கிடைக்காது. மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி ஓ.பி.யில்தான் இருக்கிறது.

திருமங்கலம் மூத்தவர்

தம்பி, அன்று அதைச் சொன்னது நான்தான். இன்றும் அதையேதான் சொல்வேன்.

28 வருடமாக ஒரே கட்டிடத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை என்றால் 120 டோக்கன். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலே ஆறு மணி நேரம். பேரையூர் பக்கத்திலிருந்து வருகிறவருக்குக் கடைசி பஸ் கவலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரை உட்கார வைத்து நான் படிவம் நிரப்ப முடியாது.

நேரம்கூட இரண்டாவது விஷயம். காய்ச்சல் விட்டவர் திரும்பி வர மாட்டார். விடாதவர் வேறு டாக்டரிடம் போய்விடுவார். உன் நோட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி, "வரவில்லை". அந்த நோட்டை வைத்துக்கொண்டு நூற்றுக்கு இத்தனை பேர் குணமானார்கள் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. அதை இன்னொருவர் நம்பி மருந்து எழுதுவார். ஆராய்ச்சியே இல்லாத இடத்தில் டாக்டராவது ஜாக்கிரதையாக இருப்பார்.

மேலூர் டாக்டர்

சார், நீங்கள்தான் சொன்னீர்கள் என்று தெரியாமல் எழுதிவிட்டேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"வரவில்லை" என்பதில் இரண்டு விதம் இருக்கிறது என்பது முழு உண்மை. அதற்குத்தான் ஏழாம் நாள் ஒரு போன். நகரத்து ஆஸ்பத்திரியைவிட நமக்கு இது சுலபம். யார் வீடு எங்கே, யார் யாருக்கு சம்பந்தி என்று நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பள்ளத்தாக்கில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராம டாக்டர் இருந்தார். மஞ்சள் காமாலை பரவியபோது யார் யாரை எந்த நாளில் பார்த்தார்கள் என்று குறித்து வைத்து, தொற்றியதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே எத்தனை நாள் என்று கணக்கிட்டார். 1939-ல் வந்த அவர் புத்தகத்திலும் அது இருக்கிறது. ஊரோடு பழகிய டாக்டர் என்பதால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

வேல்ஸில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்பவர் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் இருந்தார். கிளினிக்குக்கு வந்தவர்களோடு நிற்காமல், ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் பி.பி. பார்த்தார். 25 வருடம் விடாமல் பார்த்தார். 65 வயதுக்குள் இறந்தவர்கள் பக்கத்து ஊரைவிட அங்கே குறைவு என்று கடைசியில் தெரிந்தது. மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் அவர்தான். பெரியாஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்குமா?

பயிற்சி டாக்டர்

ஆன்டிபயாடிக் பற்றியும் பேசலாம். 1997-ல் இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களே நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. தொண்டை வலி என்று வந்த 716 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆன்டிபயாடிக். ஒரு பிரிவுக்கு இல்லை. இன்னொரு பிரிவிடம் "மூன்று நாளில் சரியாகாவிட்டால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருக்கச் சொன்னவர்களில் 31 சதவீதம் பேர்தான் மருந்தைச் சாப்பிட்டார்கள். நாமும் இதை இங்கே செய்து பார்க்கலாமே?

திருமங்கலம் மூத்தவர்

இதற்குத்தான் பயந்தேன்.

என்னிடம் ஒரு பெண் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்கு வருகிறாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது தொண்டை வலி வந்தது, வீட்டில் கஷாயம் கொடுத்து விட்டுவிட்டார்கள். அப்புறம் மூட்டு வீங்கியது, அதன் பிறகு இதய வால்வு சுருங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இங்கிலாந்தில் இந்த ருமாட்டிக் நோய் அநேகமாக மறைந்துவிட்டது, நம்மிடம் இன்னும் இருக்கிறது. அங்கே காத்திருக்கச் சொன்னால் ஒன்றும் ஆகாது. இங்கே ஒரு குழந்தையைக் காத்திருக்க வைத்து, அந்தக் குழந்தை இப்படி ஆனால் யார் பொறுப்பு?

மேலூர் டாக்டர்

சார் சொல்வதை ஏற்கிறேன். குழந்தைகளைப் பிரித்து வைத்துப் பார்க்கும் ஆய்வு கிளினிக்கில் வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் பக்க நியாயமும் இருக்கிறது. அங்கே செய்த ஆய்வு நமக்குப் பொருந்தாது என்றால், நமக்குப் பொருந்துவதை யார் கண்டுபிடிப்பது? நான் கேட்பது மருந்தை மாற்றிப் பார்க்கும் ஆய்வு இல்லை. எப்போதும் செய்யும் வைத்தியத்தைச் செய்துகொண்டே ஒழுங்காக எண்ணுவது.

கண் முகாம்காரர்

மதுரைக்கு இது புதிய விஷயம் இல்லை. மதுரை மாவட்டத்தில் வருடத்துக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996-ல் வெளியான ஆய்வு சொன்னது. நெல் தூற்றும்போது உமி படுவது, கதிர் குத்துவது, இப்படி ஆரம்பித்துப் பூஞ்சை பிடித்துவிடும். அந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு விலை கூடிய வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டு மருந்தே நல்லது என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2013-ல் காட்டியது. வயலில் வேலை செய்கிறவர் கண்ணில் உமி பட்டால் முதலில் யாரிடம் போகிறார்? பக்கத்து மருந்துக் கடை, அப்புறம் உங்களைப் போன்ற டாக்டர். எத்தனை நாள் கழித்து வருகிறார், அதற்குள் என்ன மருந்து விட்டார், இதை நீங்கள் எழுதி வைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

திருமங்கலம் மூத்தவர்

அங்கே பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, புள்ளியியல் தெரிந்தவர் இருக்கிறார். நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

சோழவந்தான் செவிலியர்

டாக்டர்கள் பேசட்டும் என்று இதுவரை படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். எண்ணுவது யார்? எழுதுவது எங்கள் கை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே எத்தனை பதிவேடு, எத்தனை ஆப்! ஒரே பி.பி. அளவை மூன்று இடத்தில் ஏற்றுகிறேன். கடைசியில் கட்டுரை டாக்டர் பெயரில் வரும். இன்னும் ஒரு நோட்டுப் போடுவதாக இருந்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அதே சமயம், எங்களிடமும் கேள்வி இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. ஒரு பாட்டி வீட்டில் முறுக்கு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள், மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தார். "தலை சுத்துதும்மா, அதான் சேத்து வச்சிருக்கேன்" என்றார். காட்டில் வேலைக்குப் போகிற நாளில் மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறதாம். பதிவேட்டில் அவர் மாத்திரை வாங்கியவர். எத்தனை வீட்டில் இப்படி ஒரு டப்பா இருக்கிறது என்று தெரிந்தால் நாங்கள் வேலை செய்யும் விதமே மாறும்.

மேலூர் டாக்டர்

அக்கா, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. அதை நீங்களே முன்னின்று செய்யுங்கள், உங்கள் பெயர் முதலில் வரட்டும். பணமும் ஆளும் பற்றி சார் சொன்னதற்கும் இதையொட்டி ஒரு பதில். 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் களப் பணியாளர்கள் நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்து, யாரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். திட்டம் வகுத்தவர்கள் நிறுவனத்தில் இருக்கலாம். நோயாளியை நிற்க வைத்துப் பார்ப்பது அக்கா மாதிரி ஆட்கள்தான்.

அலங்காநல்லூர் மகள்

நான் டாக்டர் இல்லை. என் அம்மாவுக்கு 67 வயது, சுகர். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு பக்கக் காகிதத்தில் கைநாட்டு வாங்கி, மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. முடிவு என்ன என்றும் சொல்லவில்லை. "டாக்டர் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது" என்றார் அம்மா. நீங்கள் இவ்வளவு நேரம் எங்களை எண்ணுவது பற்றிப் பேசுகிறீர்கள். எங்களிடம் கேட்பது பற்றி ஒருவரும் பேசவில்லை. ஊரோடு பழகிய டாக்டர் என்பது உங்களுக்கு வசதி. எங்களுக்கு அதுதான் மறுக்க முடியாத சங்கடம்.

மேலூர் டாக்டர்

நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது, முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். 2017-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி, இப்படிப்பட்ட ஆய்வுக்கு முன் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சின்ன கிளினிக்கில் அப்படிக் குழு கிடையாது, ஒரு மருத்துவக் கல்லூரியின் குழுவிடம் போக வேண்டும். போகிறேன். நோயாளியிடம் சொல்ல இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "தங்கள் தரவுகள் பெயர் நீக்கப்பட்டு ஆய்வு நோக்கத்திற்காக மட்டும் பயன்படுத்தப்படும்."

திருமங்கலம் மூத்தவர்

தொண்டை விஷயத்தில் நான் மாறவில்லை. காய்ச்சல் பொருக்கு விஷயத்தில், ஒரே ஒரு கேள்வி, சீட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கட்டம், கார்த்திகையிலிருந்து மூன்று மாதம் மட்டும் என்றால் அனுமதி வந்ததும் எனக்கும் அனுப்பு. ஏழாம் நாள் போனை என் காம்பவுண்டர் போடமாட்டார், நானே போடுகிறேன். எத்தனை பேர் போனை எடுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதை மறைத்தால் விலகிவிடுவேன்.

அலங்காநல்லூர் மகள்

"தரவுகள்" என்றால் அம்மாவுக்கு என்ன புரியும்? இப்படிச் சொல்லுங்கள் டாக்டர்: "அம்மா, உங்க காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு, உடம்புல பொருக்கு இருக்கான்னு ஒரு நோட்டுல எழுதிக்கலாமா? வெளியில உங்க பேரு வராது. ஏழாம் நாள் ஒரு போன் பண்ணுவோம். வேண்டாம்னா வேண்டாம், வைத்தியம் இதேதான்." சொல்லிவிட்டு உடனே பேனாவை நீட்டாதீர்கள். வெளியே போய் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.