ஸ்ட்ரோக் வந்த அம்மாவைப் பராமரிப்பு இல்லத்துல சேர்த்தா முதலமைச்சர் காப்பீட்டு கார்டு செல்லுமா?

முக்கூடல் செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 66. விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து பீடி சுத்துன கை. போன மாசம் தட்டை மடியில வச்சுச் சுத்திக்கிட்டு இருக்கும்போதே கையில இருந்த இலை நழுவுது, வாய் ஒரு பக்கமா கோணுது. பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். கார்டுலயே வைத்தியம் நடந்துட்டு, அதுல குறை சொல்ல மாட்டேன். இப்ப டிஸ்சார்ஜ்ங்காங்க. பேச்சு கொஞ்சம் வருது. வலது கை, கால் அசையல. மூக்குல குழாய் போட்டுத்தான் கஞ்சி.

வீட்டுல நானும் பிளஸ் டூ படிக்கிற மகளும்தான். அவ அப்பா மஸ்கட்ல. நான் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன். அதான் ஒரு பராமரிப்பு இல்லத்துல விசாரிச்சேன். மாசம் 28 ஆயிரம், டயப்பரும் மருந்தும் தனி. "கார்டு இருந்தா எங்களுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரி வழியா போட்டுக்கிடலாம், பாதி குறையும்"னு சொல்லுதாங்க. நியூஜெர்சியில இருக்கிற சித்தி மகளோ, அங்க அரசாங்க இன்சூரன்ஸ்ல நூறு நாள் சும்மாவே வச்சுப் பாப்பாங்கங்கா. எங்க கார்டுல அஞ்சு லட்சம் இருக்கு, இதுவரைக்கும் ஒரு லட்சம்கூட ஆகல. மிச்சத்தைப் பராமரிப்புக்கு எடுக்க வழி உண்டா? கார்டு செத்துப்போன எங்க அப்பா பேர்ல இருக்கு, அது ஒரு பயம்.

கவுண்டர் அண்ணாச்சி:
எம்மா செல்வி, நான் ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில காப்பீட்டு கவுண்டர்ல ரொம்ப வருசம் உக்காந்தவன். 2009ல கலைஞர் காப்பீடா இருந்த காலத்துல இருந்து, 2012ல முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடா ஆகி, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் இதுகூடச் சேர்ந்தது வரைக்கும் பாத்தாச்சு. முதல்ல பதில்: செல்லாது. பராமரிப்பு இல்லத்துக்கு ஒரு ரூபாகூட வராது.

நீங்க கேட்ட அந்த அஞ்சு லட்சம் மிச்சக் கதையைத்தான் டிஸ்சார்ஜ் அன்னைக்கு எல்லாக் குடும்பமும் கேக்கும். "அம்பதாயிரம்தானே போச்சு, மிச்சத்துக்கு இன்னும் ஒரு மாசம் படுக்க வையுங்க சார்." ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு, அவரு அம்மா பணத்தை நான் அமுக்கிட்டேன்னு. அது பணமே இல்லம்மா. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருசத்துக்கு இதுக்கு மேல கொடுக்க மாட்டோம்னு போட்ட வரம்பு. ரேஷன்ல சீனி வாங்கலைனா அந்தக் காசைக் கையில தருவாங்களா? அதே கதைதான். ஆஸ்பத்திரிக்குப் பணம் போறது நோய்க்குன்னு நிர்ணயிச்ச பேக்கேஜ் கணக்குல. நாங்க சி.டி. ஸ்கேன், டாக்டர் குறிப்பு, படுக்கையில வச்சு எடுத்த போட்டோ எல்லாம் ஏத்துவோம். காப்பீட்டுக் கம்பெனி பக்கம் ஒரு டாக்டர் பாத்து அப்ரூவல் தருவாரு. படுக்கை, டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட் எல்லாம் அதுக்குள்ள. நோய் கட்டுக்குள்ள வந்து, இனிமே குளிப்பாட்டணும், புரட்டிப் போடணும், ஊட்டணும்ங்கிற நிலைமை வந்துட்டா அதுக்குப் பேக்கேஜே கிடையாது. அம்மாவுக்கு இப்ப வேண்டியது பூராவும் அதுதான், அதனாலதான் வீட்டுக்குப் போங்கங்காங்க. டாக்டர் மேல கோவப்பட்டுப் பிரயோசனம் இல்ல.

அந்த இல்லக்காரங்க சொல்லுத "பழக்கமான ஆஸ்பத்திரி" வழி வேண்டவே வேண்டாம். அதுக்கு அர்த்தம், இல்லாத வியாதிக்கு அம்மாவை உள்நோயாளியா காட்டி கிளெய்ம் போடுறது. மோசடின்னு பிடிச்சா முதல்ல மாட்டுறது கையெழுத்துப் போட்ட நீங்கதான். பிடிக்கலைன்னாலும் நஷ்டம் உங்களுக்கு. நாளைக்கு நிஜமாவே நிமோனியாவோ இன்னொரு ஸ்ட்ரோக்கோ வந்து ஐ.சி.யூ.ல கிடந்தா, வரம்புல அவங்க தின்னது போக மிச்சம்தான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க: திரும்பவும் ஆஸ்பத்திரியில படுக்க வேண்டிய வியாதி வந்தா, பேக்கேஜ்ல இருக்கிற வியாதின்னா, அதே கார்டு மறுபடியும் செல்லும். ஸ்ட்ரோக் வந்தவங்க திரும்பி வாரது சகஜம். அதுக்காகத்தான் அந்த மிச்சத்தைக் கைபடாம வைக்கணும்.

அப்பா பேர்ல கார்டு இருக்கிறது பிரச்சினை இல்ல. அம்மா பேர் அதே குடும்பத்துல, ரேஷன் ஸ்மார்ட் கார்டுலயும் இருந்தாச் சரி. அதான் இப்ப வைத்தியம் நடந்திருக்கே. ஆனா அப்பா பேரை எடுத்துட்டுப் புதுப்பிச்சுருங்க. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டுக் கவுண்டருக்குப் போகணும். வருசத்துக்கு 1,20,000க்குள்ள வருமானம் இருக்கணும். முன்னாடி 72,000தான் வரம்பு.

வீரவநல்லூர்க்காரி, இப்ப ஒஹையோ:
செல்விக்கா, உங்க சித்தி மக சொன்னதுல பாதிதான் சரி. நான் இங்க ஒரு நர்சிங் ஹோம்ல பில்லிங் வேலை பாக்குறேன். மெடிகேர்னு 65 வயசு தாண்டினவங்களுக்கான திட்டம், அதுல நூறு நாள்ங்கிறது உச்சவரம்பு. முதல்ல மூணு நாள் தொடர்ந்து ஆஸ்பத்திரியில உள்நோயாளியா இருந்திருக்கணும். "அப்சர்வேஷன்"னு, அதாவது உள்நோயாளியா சேர்க்காம சும்மா கண்காணிப்புலன்னு, படுக்கையில போட்டு வச்சிருந்தாங்கன்னா அந்த நாள் கணக்குல வராது, இதுல ஏமாந்து அழுகிற குடும்பத்தை நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அப்புறம் நர்ஸோ தெரபிஸ்டோ செய்ய வேண்டிய சிகிச்சை தினமும் தேவைப்படணும். முதல் 20 நாள் இலவசம். 21ல இருந்து 100 வரைக்கும் 2025 கணக்குப்படி தினம் 209 டாலர் 50 சென்ட் கைக்காசு. 101ஆம் நாள்ல இருந்து முழுசும் நம்ம தலையில. வெறும் குளிப்பாட்டி ஊட்டி விடுற பராமரிப்பு மட்டும்னா மெடிகேர் முதல் நாளே தராது.

வருசக்கணக்கா நர்சிங் ஹோம்ல கிடக்கிறவங்களுக்குப் பணம் கட்டுறது மெடிகெய்டுன்னு ஏழைகளுக்கான இன்னொரு திட்டம். பல மாநிலங்கள்ல தனி ஆளுக்குக் கையிருப்பு 2,000 டாலருக்கு மேல இருக்கக்கூடாது. அதனால சேத்து வச்சதை எல்லாம் செலவழிச்சு முடிச்சப்புறம்தான் கதவு திறக்கும். பிள்ளைங்க பேருக்கு எழுதி வச்சுட்டுக் கேக்கலாமான்னா, அஞ்சு வருசத்துக்குப் பின்னால போயி நோண்டுவாங்க. நம்ம ஊர்ல இருந்து வாரவங்க கிரீன் கார்டு வாங்கினாலும் உடனே மெடிகேர் கிடைக்காது. 65 வயசாகி அஞ்சு வருசம் தொடர்ந்து இங்க இருக்கணும், அதுக்கு மேல பிரீமியம் கட்டணும்.

ரிட்டயர்டு வாத்தியார் மகன்:
எங்க அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். 2022 ஜூலையில தொடங்கின மாநில அரசு பென்ஷன்காரங்க மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல மாசம் 497 ரூபாய் பென்ஷன்லயே பிடிச்சாங்க. நாலு வருசத்துக்குச் சேத்து 5 லட்சம், சில பெரிய வியாதிக்கு 10 லட்சம். இடுப்பு எலும்பு முறிஞ்சப்ப ஆபரேஷன் காசு வந்துது. வீட்டுல வச்ச ஹோம் நர்ஸ் பில்லைக் கொண்டுபோனேன், பாக்கவேயில்ல. நான் சொந்தமா எடுத்த பாலிசியை எடுத்துப் பாத்தா, அதுலயும் எக்ஸ்க்ளூஷன் (எதுக்குப் பணம் கிடையாதுங்கிற விலக்கு) 05ன்னு ஒரு பத்தி: ஓய்வு, மறுவாழ்வுப் பராமரிப்பு, குளிக்க வைக்க, உடை மாத்த ஆள் வைக்கிறது எதுக்கும் கிடையாது. எந்தக் கம்பெனியா இருந்தாலும் அந்த எண்ணும் வாசகமும் ஒண்ணுதான், காப்பீட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐ.ஆர்.டி.ஏ. வகுத்தது. 70 வயசு தாண்டினவங்களுக்குன்னு 2024 அக்டோபர்ல மத்திய அரசு கொண்டு வந்த வய வந்தனா கார்டும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான். ஜப்பான்ல 2000ல இருந்து பராமரிப்புக்குன்னே தனிக் காப்பீடு இருக்கு, 40 வயசுல இருந்து எல்லாரும் கட்டணும். இங்க அப்படி ஒண்ணு இன்னும் வரல.

முக்கூடல் செல்வி:
எல்லாருக்கும் நன்றி. அப்ப வீட்டுலதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா அந்த மூக்குக் குழாயை நெனச்சா கை நடுங்குது அண்ணாச்சி. அது அடைச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸ் வச்சா பாளையங்கோட்டைக்கு வாரது?

கவுண்டர் அண்ணாச்சி:
வர வேண்டாம். 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் இருக்குல்லா, அதை நிறைய பேரு பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம்னு மட்டும் நெனக்காங்க. அதுலயே படுக்கையில கிடக்கிறவங்களுக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கவும், வலி நிவாரண நர்ஸ் வந்து பாக்கவும் யூனியன் வாரியா ஆள் போட்டிருக்காங்க. குழாய் மாத்துறது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுறது அந்த நர்ஸ் வேலைதான். உங்களுக்குப் பாப்பாக்குடி யூனியன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸைக் கொடுத்து அம்மா பேரைப் பதியச் சொல்லுங்க. கேக்காம யாரும் வர மாட்டாங்க, கேட்டா வருவாங்க. பிசியோவைத் தள்ளிப் போடாதீங்க, முதல் மூணு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ளதான் கை, கால் நல்லா தேறும்.

அம்மா பீடித் தொழிலாளி அட்டை வச்சிருந்தா உங்க ஊர்லயே இருக்கிற பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியிலயும் வெளிநோயாளியா மருந்து வாங்கலாம்.

ஆறு மாசம் கழிச்சும் கை வரலைன்னா ஊனச் சான்றுக்கு அரசு ஆஸ்பத்திரி போர்டுக்குக் கொண்டு போங்க. நரம்பு சம்பந்தப்பட்டதுக்கு அதுக்கு முன்னாடி பொதுவா அளவு போட மாட்டாங்க. கடுமையான பாதிப்புன்னு சதவீதம் வந்தா மாநில அரசு பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000. இல்லம் கேக்கிற 28 ஆயிரத்துக்கு முன்னால அது ஒண்ணுமில்லதான். டயப்பருக்கு ஆகும்.

இனி இன்னைக்குச் செய்ய வேண்டியது. வார்டை விட்டு வெளிய வாரதுக்கு முன்னாடி நீங்களும் மகளும் நர்ஸ் முன்னால ஒரு தடவை குழாய்ல ஊத்திக் காட்டுங்க. தலையைச் சாய்வா உசத்தி வச்சுக்கிட்டு ஊத்தணும், ஊத்தி முடிச்ச கையோட படுக்கப் போட்டா கஞ்சி நுரையீரலுக்குப் போயிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட எப்படிப் பிடிக்கணும்னு பிசியோகிட்ட கேட்டுக்கோங்க. ஏர் பெட்டு வாடகைக்குக் கிடைக்கும், புதுசு வாங்காதீங்க. சம்மரியில "வீட்டுப் பிசியோதெரபி, வலி நிவாரணப் பராமரிப்பு தேவை"ன்னு டாக்டரை எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு வரி இருந்தா சுகாதார நிலையத்துல பேச்சே வேற. ஆயுஷ்மான் பாரத் விதியில டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் மருந்தும் பேக்கேஜ்லயே வரும், உங்க கார்டுக்கு எப்படின்னு கவுண்டர்ல கேளுங்க. பேக்கேஜுக்குள்ள வாரதுக்குத் தனியா காசு கட்டுனாத்தான் விடுவோம்னு யாராவது நிறுத்துனா, அங்கனயே நின்னு 1800 425 3993க்குப் போன் போடுங்க. நான் கவுண்டர்ல இருந்தப்ப அந்த நம்பரை ஒருத்தர் அமுக்குறாருன்னு தெரிஞ்சாலே மேனேஜர் ஓடி வருவாரு.