ஈசிடி: மூளைக்குள் என்ன மாறுகிறது, மறதி எதனால்?

மல்லிகைச்சரம்:
கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு ஈசிடி (மயக்கத்தில் வைத்து, மூளைக்குச் சிறிது கரண்ட் கொடுத்து வலிப்பு வரவைக்கும் சிகிச்சை) என்றதும் வீட்டார் கேட்பது, "கரண்ட் வெச்சா மூளை கெட்டுப்போயிடுமா?" என்றுதான். கெடாது என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள். உள்ளே நடப்பதை எப்படி விளக்குவது? நாலைந்து தடவைக்குப் பிறகு வலிப்பு நேரம் குறைகிறதே, அது ஏன்?

மனநலம்_மதுரை:
சிஸ்டர், இரண்டும் ஒரே விஷயம்தான். வலிப்பு வந்தவுடன் அதை அடக்க மூளை தானே பிரேக் போடுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த பிரேக் வலுப்பதால் வலிப்பு வரம்பு (வலிப்பு வரத் தேவையான குறைந்தபட்ச கரண்ட்) ஏறும், நேரம் குறையும். மனச்சோர்வு தணிவதில் இந்த அடக்கும் வேலைக்கும் பங்குண்டு என்பது ஒரு முக்கியக் கருத்து. நேரம் குறைந்தால் உடனே கரண்டை ஏற்ற வேண்டாம். முந்தின இரவு தூக்க மருந்து லோராசெபாம் போனதா, வலிப்புத் தடுப்பு மருந்து வால்ப்ரோயேட் ஓடுகிறதா, மயக்க மருந்து ப்ரோபோஃபால் கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

வலிப்பு வந்தாலே போதும் என்பதும் தவறு. வலது ஒருபக்க முறையில் (இரண்டு மின்முனைகளும் தலையின் வலப்பக்கத்தில்) வரம்பை ஒட்டிய அளவு வைத்தால் வலிப்பு நன்றாகவே வரும், நோய் அசையாது. அதற்கு வரம்பைப் போல் 6 மடங்கு வேண்டும். இருபக்க முறைக்கு (பக்கத்துக்கு ஒரு மின்முனை) ஒன்றரை மடங்கு போதும்.

எம்ஆர்ஐயில் திசு சிதைந்ததற்குச் சான்று இல்லை. ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) சற்றுப் பெருக்கிறது. ஆனால் அதிகம் பெருத்தவர்தான் அதிகம் தேறினார் என்று இல்லை. "மூளை வளர்கிறது" என்று வீட்டாரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தென்றல்:
மறதியை மறைக்கவே கூடாது. எழுந்ததும் வரும் குழப்பம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெளியும். புதிதாகக் கேட்டதை மனதில் நிறுத்தும் திறன் சில வாரங்களில் திரும்பும். சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் சொந்த நினைவுகளில் சில திரும்பாமலே போகலாம். ஒப்புதல் வாங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பெயர், இடம், வயது, பிறந்த நாள், கிழமை: ஐந்தில் நாலைச் சரியாகச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொரு தடவையும் குறியுங்கள். அது நீண்டுகொண்டே போனால் பழைய நினைவு அதிகம் அடிபடும். அப்போது இருபக்கத்திலிருந்து வலது ஒருபக்கத்துக்கு மாற்றலாம், துடிப்பகலத்தை (ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரம்) 1 மில்லி விநாடியிலிருந்து 0.3 ஆக்கலாம், வாரம் மூன்று தடவையை இரண்டாக்கலாம். 0.3இல் குணம் மெதுவாக வரும். சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பவருக்கு இருபக்க முறையே சரி.

மயக்கவியல்_குமரன்:
காலில் கஃப்பை (ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை) ஸ்கோலினுக்கு (தசையைத் தளர்த்தும் ஊசி) முன்பே ஏற்றிவிடுங்கள், சிஸ்டர். அந்தப் பாதத்துக்கு மருந்து போகாது, வலிப்புத் துடிப்பு தெரியும். ஒருபக்க முறை என்றால் வலது காலில். வலது காலை இயக்குவது இடது மூளை; அந்தக் காலில் துடித்தால்தான் வலிப்பு மறுபாதி மூளைக்கும் பரவியது உறுதி. ஈஈஜியில் (மூளையின் மின்னலைப் பதிவில்) வலிப்பு 2 நிமிடம் தாண்டினால், வலிப்பை அடக்கும் மிடாசோலாம் ஊசி கொடுத்து நிறுத்த வேண்டும்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க ஊசிக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானதா என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்கோலினைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. ஆரிய வைசியர்களிடம் இது அதிகம்.

மல்லிகைச்சரம்:
நன்றி டாக்டர். லித்தியம் (மனநிலையைச் சமப்படுத்தும் மருந்து) எடுப்பவருக்கு?

மனநலம்_மதுரை:
குழப்பம் கூடும். முந்தின இரவு டோஸை நிறுத்தி, ரத்தத்தில் லித்தியம் அளவு பாருங்கள். ஈசிடி முடிந்ததும் மறக்காமல் திரும்பத் தொடங்குங்கள். தொடர் மருந்து இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு நோய் திரும்பிவிடும்.