ஒரு பூச்சியம் தெரியும், மற்ற மூன்றும் வரவில்லை – உதவி தேவை

கேள்வி (மார்த்தாண்டம்):
வணக்கம். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். டியூஷனில் கொடுத்த கணக்கு இது: எக்ஸ்⁴ − 20எக்ஸ்² + 24எக்ஸ் − 5 என்ற பல்லுறுப்புக் கோவையின் ஒரு பூச்சியம் (அதாவது எக்ஸுக்குப் பதில் போட்டால் கோவையின் மதிப்பை 0 ஆக்கும் எண்) 2 + √3. மற்றவற்றைக் காண வேண்டும். 2 − √3-ஐயும் பூச்சியமாக எடுத்து, எக்ஸ்² − 4எக்ஸ் + 1 என்ற காரணி வரை வந்துவிட்டான். அதால் வகுத்தால் ஈவு எக்ஸ் − 16, மீதி −41எக்ஸ் + 11 என்று வருகிறது. மீதி 0-தானே வர வேண்டும்? கணக்கே தப்பாக அச்சாகியிருக்கிறது என்கிறான். நான் காமர்ஸ் படித்தவள், எனக்குப் பிடிபடவில்லை. திங்கட்கிழமை டெஸ்ட்.

பதில் (நாகர்கோவில்):
கணக்கு சரிதான் மக்களே. ஈவைப் பாரு. நான்காம் படியை இரண்டாம் படியால் வகுத்தால் ஈவும் இரண்டாம் படியில்தான் வரும். அவனுக்கு முதல் படி வந்திருக்கிறது. 1, −20, 24, −5 என்று நான்கு கெழுக்களை (உறுப்புகளின் முன்னால் நிற்கும் எண்களை) மட்டும் எழுதி வகுத்திருக்கிறான். எக்ஸ்³ உறுப்பு இல்லாத இடத்தில் 0 போட்டு, 1, 0, −20, 24, −5 என்று ஐந்தாக எழுதச் சொல்லு. அப்போது ஈவின் கெழுக்கள் 1, 4, −5, மீதி 0. எக்ஸ்² + 4எக்ஸ் − 5-ஐக் காரணிப்படுத்தினால் 1, −5. முடிந்தது.

வருடந்தோறும் பிள்ளைகள் மதிப்பெண் விடுவது இந்த இடத்தில்தான். வகுக்கத் தொடங்கும் முன்னே கெழுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். படி 4 என்றால் கெழுக்கள் 5.

பதில் (குளச்சல்):
சார் சொன்னது சரி. ஆனால் இந்தக் கணக்கில் வகுக்கவே வேண்டாம். சமன்பாட்டியல் பாடத்தில், பூச்சியங்களின் கூடுதலையும் பெருக்கற்பலனையும் கெழுக்களிலிருந்தே சொல்லும் வியட்டாவின் சூத்திரங்கள் இருக்கின்றன அல்லவா? எக்ஸ்³-இன் கெழு 0 என்பதால் நான்கு பூச்சியங்களின் கூடுதல் 0. தெரிந்த இரண்டின் கூடுதல் 4, ஆகவே மற்ற இரண்டின் கூடுதல் −4. கடைசி எண் −5 என்பதால் நான்கின் பெருக்கற்பலன் −5. தெரிந்த இரண்டின் பெருக்கற்பலன் 4 − 3 = 1. ஆகவே மற்ற இரண்டின் பெருக்கற்பலன் −5. கூட்டினால் −4, பெருக்கினால் −5 வரும் எண்கள் 1, −5. எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிக்கும், விடையைச் சரிபார்க்கவும் உதவும். படி ஒற்றைப்படை என்றால் மட்டும் பெருக்கற்பலனின் குறி மாறும், அதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஐந்து கெழுக்களோடு போட்டான், மீதி 0 வந்துவிட்டது. இன்னொரு சந்தேகம்: 2 + √3 இருந்தால் 2 − √3-ஐ எப்போதும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில் (நாகர்கோவில்):
எப்போதும் முடியாது. கெழுக்கள் எல்லாம் விகிதமுறு எண்களாக இருக்க வேண்டும். எக்ஸ்² − √3எக்ஸ் என்பதை எடுத்துக்கொள். அதன் பூச்சியங்கள் 0, √3. −√3 வராது, ஏனென்றால் கெழுவிலேயே √3 இருக்கிறது. கலப்பெண் பூச்சியம் என்றால் கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தாலே போதும், இணை கலப்பெண்ணும் வந்துவிடும். விடைத்தாளில் இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லு.

பயிற்சிக்கு ஒன்று: எக்ஸ்³ − 29எக்ஸ் + 42, ஒரு பூச்சியம் 3 − √2. மற்ற இரண்டையும் கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
3 + √2, −6 என்கிறான். கூடுதல் 0, பெருக்கற்பலன் −42, இரண்டையும் அவனே சரிபார்த்துவிட்டான்.